நிலம் அவர் பேரில்

தக்காளிக்காரி என்றால்தான் ஊரில் அவளைத் தெரியும். ஒன்றரை ஏக்கரை இருபத்திரண்டு வருடமாக ஒண்டியாய்க் கட்டி மேய்த்தவள். பத்திரத்தில் மட்டும் புருஷன் பேர். அவரோ பஸ் டிரைவர். அறுபது கிலோமீட்டர் வழியில் எந்தப் பள்ளம் எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கொல்லைப்புறத்தில் என்ன விளைகிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்.

நோய் வந்து ஊரடங்கு போட்டார்கள். பஸ்ஸும் நின்றது, சந்தையும் நின்றது. பறித்த தக்காளியைக் கேட்பாரில்லை. நஷ்டப்பட்ட விவசாயிகளுக்கு நிவாரணம் உண்டு என்று அரசு அறிவித்ததும் அவள் அவர் பேரில் விண்ணப்பம் போட்டாள். தொற்றுப் பயத்தில் அதிகாரி நேரில் வரமாட்டாராம். நிலத்துக்காரரை வீடியோ காலில்தான் விசாரிப்பாராம்.

இரண்டு நாள் பாடம் நடந்தது.

"நட்டு எழுபதாம் நாள் பறிப்பு. எங்க சொல்லுங்க?"

"எழுபது. ஸ்பீடு மாதிரி ஞாபகம் வச்சுக்கறேன்."

விசாரணை அன்று இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையோடு வயலில் போய் நின்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டு, போனுக்குப் பின்புறம், அதிகாரி கண்ணில் படாமல், செடிகளுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். போனில் வந்தது ஓர் இளம்பெண் அதிகாரி. அதிகாரி வீட்டுக் குக்கர் பின்னால் விசிலடித்தது.

"செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளி விட்டீங்க?"

அவள் இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டு மாசம் மேடம்."

"மாசமா?"

"அடி மேடம், அடி!"

"என்ன உரம் போட்டீங்க?"

ஆட்டெருவைச் சொல்ல அவள் தலையில் கொம்பு வைத்துக் காட்டினாள்.

"மாடு போட்டோம்."

"மாட்டையேவா?"

அவள் நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"பூச்சி எங்க வந்துச்சு?"

"தலையில மேடம்."

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. குபீரென்று சிரித்துவிட்டாள்.

"யாரு அங்க சிரிக்கறது?"

அவருக்கு வியர்த்து ஊற்றியது. "என் சம்சாரம் மேடம். உண்மையைச் சொல்லிடறேன். நிலந்தான் என் பேர்ல. பாடெல்லாம் அவளோடது. எனக்கு பஸ்ஸைத் தவிர ஒண்ணும் தெரியாது."

போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் செடிகளுக்கு நடுவிலிருந்து எழுந்தாள்.

"போனை அவங்ககிட்ட குடுங்க."

விதையிலிருந்து பறிப்பு வரைக்கும் மடமடவென்று சொல்லிக்கொண்டே வந்தாள். பெட்டி பெட்டியாய்ப் பழத்தை ஓடையில் கொட்டிய இடம் வந்ததும் போனை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதிகாரி அவசரப்படுத்தவில்லை. பிறகு, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, மாடியில நாலு தொட்டி தக்காளி வச்சேன். இலையெல்லாம் மஞ்சளாகுது," என்றார்.

"தண்ணி எத்தனை தடவை ஊத்தறீங்க?"

"மூணு வேளையும்."

"ஐயோ, அது செடிம்மா, வாத்து இல்ல!"

அதிகாரி சிரித்து ஓய்ந்ததும், விண்ணப்பத்தில் 'சாகுபடி செய்பவர்' என்று ஒரு கட்டம் காலியாக இருப்பதைச் சொல்லிப் பேர் கேட்டார். அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.

நாற்பது நாள் கழித்து அவள் கணக்குக்கே நிவாரணம் வந்தது. நஷ்டத்தில் பாதிக்குக்கூடக் காணாது. ஆனாலும் விதைக்கும் மோட்டார் ரிப்பேருக்கும் ஆனது. பஸ் இன்னும் ஓடவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் அவரும் வயலில் இறங்கினார். முதல் நாளே களையையும் நாற்றையும் பாரபட்சம் பார்க்காமல் பிடுங்கிக் குவித்துவிட்டு, "எப்படி?" என்று இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ரொம்ப சுத்தமா இருக்குங்க," என்றாள் அவள். மறுநாளிலிருந்து அவருக்கு வேலி கட்டும் வேலை.