ஷோகேஸ் நின்ற சுவர்

எங்கள் கரையோர முஸ்லிம் ஊர்களில் கல்யாணம் முடிந்தால் வீடு மாறுவது பெண் அல்ல, ஆண்தான். பெண்ணுக்கு அவளுடைய பெற்றோர் கட்டிக் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை போய்ச் சேர வேண்டும். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைக்கு நானும் அப்படித்தான் போனேன். என்னோடு போனவை ஒரு சூட்கேஸ், பாடசாலைக்குப் போடும் சப்பாத்து, ஒரு தொழுகைப் பாய். போகாமல் நின்றவை, உம்மாவின் வீட்டுப் பின்னறையில் கூரை முட்ட அடுக்கியிருந்த யூரியா பைகள். பைகளுக்குள் யூரியா இல்லை. துணித் துண்டுகள்.

நான் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன்; ஊருக்கு நான் 'சேர்'. எங்கள் குடும்பத்தில் படிப்பைக் கடைசி வரை பார்த்தவன் நான் ஒருவன்தான். வாப்பா கரைவலை இழுப்பவர். என் பட்டச் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு மாஷா அல்லாஹ் சொன்னவர். பாடசாலை விட்ட பிறகு நான் செய்யும் வேலை துணித் துண்டுகளை இணைத்துத் தைப்பது. சில போர்வையாகும், சில சுவரில் தொங்கும் படமாகும். அபாயா தைக்கும் கடைகளில் வெட்டி மிஞ்சுவதும், ஆண்கள் உடுக்கும் கைத்தறிச் சாரங்களின் ஓரத்துண்டுகளும்தான் என் சாயப்பெட்டி. எங்கள் பகுதியில் துண்டுத் துணி சேர்ப்பவர் என்றால் கால்மிதி தைப்பவர் என்றே அர்த்தம். "சேர், எங்கட வாசலுக்கும் ஒண்டு தைச்சித் தாங்களன்" என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பகிடிக்கு அல்ல, உண்மையாகவே.

அபாயாக் கடைத் துண்டுகள் எல்லாம் கறுப்பு. ஆனால் கறுப்பு ஒரே நிறம் அல்ல. வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஒன்று பச்சைப் பக்கம் சாயும், ஒன்று ஊதாப் பக்கம், கழுவிப் பழசானது செம்மைக்கு வரும். வெளிச்சத்தை விழுங்கிவிடும் கறுப்பு உண்டு, மீன் முதுகு மாதிரி மினுங்கும் கறுப்பும் உண்டு. இவற்றை வைத்து வாடைக் கடலைச் செய்யத் தொடங்கியிருந்தேன். மழை மாதங்களில் விடிவதற்குச் சற்று முன்னால், தோணி இறக்க முடியாமல் வாப்பா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்தக் கடல். கொழும்பில் நடக்கவிருந்த ஒரு துணிக் கலைக் கண்காட்சிக்கு அதை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் தடவையாக எனக்கென்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். பாதி வேலையில் கல்யாணம் வந்துவிட்டது.

இந்த வேலைக்குச் சுவர் வேண்டும். தரையில் விரித்தால் கடல் பாய் மாதிரித்தான் தெரியும். உம்மாவின் பின்னறைச் சுவரில் ஒரு பழைய ஃபிளனல் விரிப்பை ஆணி அடித்து மாட்டியிருந்தேன். அதில் துண்டுகளைக் குத்தி வைத்து, மாற்றி, மறுபடியும் மாற்றி, சரி என்று மனம் சொன்ன பிறகுதான் தையல். அறை சிறியது. முழுவதையும் பார்க்க வேண்டுமென்றால் கதவைத் திறந்து முற்றத்தில் இறங்கி, முருங்கை மரத்தடி வரைக்கும் பின்னால் போக வேண்டும்.

சம்பந்தம் பேசியபோது உம்மா எனக்கு ஒரேயொரு கட்டளை போட்டிருந்தார்.

"தையல் கதைய அங்க எடுத்துராத மகன். தையல்கார மாப்பிள எண்டு நினைச்சிருவாங்க. நீ சேர். சேராவே போ."

ஆகவே சேராகவே போனேன். மாமியின் வீட்டில் புது மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதை கொஞ்சநஞ்சம் அல்ல. மாமி என்னோடு நேரே கதைக்கமாட்டார், அது ஊர் முறை. குசினித் திரைக்குப் பின்னால் நின்று மகளிடம், "மருமகன்ட கேளுகா, இன்னும் கொஞ்சம் சோறு வெக்கவா எண்டு" என்பார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கும் நான் மனைவியைப் பார்த்து, "போதும் எண்டு மாமிட்டச் சொல்லுங்க" என்பேன். மனைவி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எதையும் சொல்லாமல் சோற்றை வைத்துவிடுவாள்.

மனைவியிடம் மட்டும் முதல் கிழமையிலேயே சொல்லி, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். ஃபோனில் இருந்த படங்களைக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கித் தையலைப் பார்த்தாள்.

"மச்சான், இத இஞ்சயே கொண்டு வந்து செய்யுங்களன்."

"எங்க வெக்கிற?"

இருவரும் எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். எங்கள் அறையில் கட்டிலும் அலுமாரியும் போக நடக்க மட்டும்தான் இடம். ஹோலில் யன்னலோ கதவோ இல்லாத சுவர் ஒன்றுதான். அதை முழுவதுமாக ஷோகேஸ் பிடித்திருந்தது. கண்ணாடிக்குள் பொன் விளிம்பு வைத்த தேத்தண்ணிக் கோப்பைகள், பூச்சாடிகள், ஒரு பளிங்கு அன்னம். மாமி சவூதியில் வீட்டு வேலை செய்த காலத்தில் மகளின் வீட்டுக்கென்று ஒவ்வொன்றாக வாங்கி, உடுப்புகளுக்குள் சுற்றி, உடையாமல் கொண்டு வந்தவை. அந்தச் சுவரைப் பற்றி நினைப்பதே பாவம் என்று இருவரும் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டோம்.

ஆகவே பாடசாலை விட்டதும் மோட்டார் சைக்கிளை உம்மாவின் வீட்டுக்குத் திருப்பினேன். ஒவ்வொரு நாளும். பின்னேரத் தொழுகை முடித்து, இருட்டுவதற்கு முன்னால் மருதமுனைக்குப் போய்விடுவேன். இதில் என்ன பிழை என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். புது மாப்பிள்ளை தினமும் தாயின் வீட்டில் போய் நின்றால் எங்கள் ஊர்களில் அதற்கு ஒரே பொருள்தான்: பெண் வீட்டில் ஏதோ சரியில்லை.

முதலில் மாறியது ஆணம், அதாவது குழம்பு. மாமியின் மீன் ஆணம் செக்கச் செவேலென்று இருக்கும். நான் விரும்பிச் சாப்பிட்டதே அதைத்தான். அது மெல்ல மெல்ல மஞ்சளானது. பிறகு வெள்ளை. ஒரு நாள் இராச் சாப்பாட்டில் உறைப்புக்குப் போடும் கொச்சிக்காயின் வாசமே இல்லை.

"மாமிக்கு என்ன சரி சுகமில்லயா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"சுகத்துக்கு ஒண்டுமில்ல. உங்களுக்கு எங்கட உறைப்பு ஒத்துக்கல்லயாம், அதான் உங்கட உம்மாட கைச்சோறு தேடிப் போறீங்களாம். அடுத்த ஊட்டு ராத்தா வேலியால எட்டிப் பாத்து, 'என்னகா, மாப்பிள்ள சேர் ஸ்கூல் உட்டு நேரா உம்மாட்டத்தானாம்' எண்டு கேட்டிரிக்கா."

"நீங்க ஒண்டும் சொல்லல்லயா?"

"வேல இரிக்கி எண்டு சொன்னன். நம்ம ஊட்டுக்குள்ள செய்ய ஏலாத வேல என்ன வேல எண்டு உம்மா கேக்கா. நான் என்னத்தச் சொல்ற? நீங்கதான் சொல்லாதீங்க எண்டீங்க."

அதே கதை கல்முனைச் சந்தையைச் சுற்றிக்கொண்டு என் உம்மாவிடமும் வந்து சேர்ந்தது. அடுத்த நாள் பின்னறைக்குள் நான் ஸ்டூலில் ஏறி நின்றபோது அவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"போதும் மகன். நீ இஞ்ச வாறதுக்கு எனக்குத்தான் பழி. புள்ளயப் பிடிச்சி வெச்சிக்கி எண்டு கதைக்காங்க. இந்தப் பையெல்லாத்தயும் வெள்ளிக்கிழம கால்மிதி தைக்கிற பொம்புளைக்கிக் குடுக்கப் போறன்."

"உம்மா, இன்னும் கொஞ்சம்தான் இரிக்கி..."

"கடல் எங்கயும் போகா. குடும்பம் போயிரும்."

உம்மா சொன்னதைச் செய்பவர். அன்று வேலை ஓடவில்லை. குத்திய துண்டையே திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கு முன்னால் எவ்வளவை இணைத்துவிடலாம் என்று பார்த்தேன். பாதியைக்கூட முடிக்க முடியாது என்று தெரிந்தது. உம்மாவின் மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்துக்குள் என் வேலைக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஸ்டூலில் நின்றபோது ஓட்டோ ஒன்று வாசலில் நின்றது. திரும்பிப் பார்த்தால், முற்றத்தில் மாமி. கையில் வட்டிலப்ப இனிப்பு மூடி வைத்த தட்டு. பக்கத்தில் அவருடைய காக்கா, மூத்த சகோதரர். அரிசி ஆலையில் காலமெல்லாம் இரைச்சலுக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல்காரர்.

"அஸ்ஸலாமு அலைக்கும்!"

வாய் நிறைய ஊசி. தலையை மட்டும் ஆட்டினேன்.

"பாத்தியாகா," என்றார் அவர் தங்கையிடம், "ஸலாத்துக்கே பதில் இல்ல. கோவம் கடும்போல."

ஊசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, தேவைக்கு மேல் சத்தமாக ஸலாம் சொன்னேன்.

"மருமகன், நேராக் கேக்கன். எங்கட ஊட்டுல என்ன குற? சோறா, கறியா, படுக்கயா?"

"ஒரு குறயும் இல்ல மாமா."

"அப்ப என்னத்துக்கு ஒவ்வொரு நாளும் இஞ்ச வந்து நிக்கிறீங்க? இவ ஆணத்துல கொச்சிக்காய நிப்பாட்டிட்டா. நான் போனாலும் அதத்தான் தாறா. உங்களால நானும் சேந்து நோயாளிச் சோறு திங்கிறன்."

"காக்கா, சும்மா இரிங்க," என்றார் மாமி.

நான் ஸ்டூலிலிருந்து இறங்கி விலகி நின்றேன். "இதான் மாமா வேல."

அவர் வாசற்படிக்கு வந்து சுவரைப் பார்த்தார். "இது என்ன, கறுப்புக்கு மேல கறுப்பு குத்தி வெச்சிரிக்கீங்க?" என்றபடி திரும்பி முற்றத்தில் நடந்தார். முருங்கை மரத்தடியில் தற்செயலாக மறுபடியும் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அடேய். இது வாடக் கடல் தானே."

தங்கைக்குக் கை காட்டினார்.

"இஞ்ச வாகா, இதுல நிண்டு பாரு. அங்க நிண்டா தெரியா. அந்தா, அலை உடைற இடம். மழை வேற வருது."

மாமி தட்டோடு மரத்தடிக்குப் போனார். வெகுநேரம் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி என்னிடம் கேட்டார்:

"இத நம்மட ஊட்டுல செய்ய ஏலாதா மருமகன்?"

பழக்கத்தில் பதில் சொல்ல மனைவியைத் தேடினேன். அவள் அங்கே இல்லை. மாமி கேட்டது என்னிடம்தான் என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரம் எடுத்தது.

"சுவர் வேணும் மாமி. பெரிய சுவர்."

என் உம்மா வெட்கத்தோடு குறுக்கே வந்தார். "அவன்ட விசர்க் கதையக் கேக்காதீங்க மதினி. எல்லாத்தயும் நாளைக்கிக் கால்மிதிக்காரிக்கிக் குடுக்கப் போறன்."

"என்னத்துக்குக் குடுக்கிற? கடலப் போட்டுக் கால் துடைக்கவா?" என்றார் மாமி. வட்டிலப்பத் தட்டை உம்மாவின் கையில் கொடுத்தார். "ஷோகேஸ் நிக்கிற சுவர் காணுமா மருமகன்?"

"மாமி, அது வேணா. அதுக்குள்ள உங்கட சாமான்..."

"அது கோப்ப. குடிக்கத்தானே வாங்கின?"

அடுத்த நாள் ஜும்மாவுக்குப் பிறகு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி ஒன்றில் யூரியா பைகளை ஏற்றிக்கொண்டு மருதமுனைக்குப் போனேன். வீட்டுக்குள் மாமியும் மனைவியும் நிலத்தில் உட்கார்ந்து கோப்பைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சுற்றுவதற்குக் கடதாசி போதவில்லை. ஒரு பையை அவிழ்த்துச் சிவப்புச் சாரத் துண்டுகளைக் கொட்டினேன். சவூதியிலிருந்து உடுப்புக்குள் வந்த கோப்பைகள் இந்தத் தடவை என் துண்டுகளுக்குள் போயின. மாமாவும் ஆலைக்காரர்களும் ஷோகேஸைத் தூக்கிக்கொண்டு போனார்கள்; அது இப்போது அவருடைய வீட்டில் நிற்கிறது. அது நின்ற இடத்தில் மட்டும் சுவர் மங்காமல், பூசிய நாளின் பச்சையாகவே இருந்தது.

வெளியே பைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு ராத்தாவின் தலை வேலிக்கு மேலே தெரிந்தது.

"என்னகா, இவ்வளவு உரம்? வயல் வாங்கிட்டீங்களா?"

"வயலுமில்ல, உரமுமில்ல," என்றார் மாமி. "மருமகன்ட சீதனம். இப்பதான் வந்து சேருது."

சீதனம் கொடுத்து மாப்பிள்ளை எடுக்கும் ஊரில் இதைக் கேட்ட ராத்தா சிரித்த சிரிப்பு ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

அன்று பிந்தித்தான் மத்தியானச் சோறு வந்தது. ஆணம் சிவப்பாக இருந்தது. கிழமைக் கணக்கில் நிப்பாட்டிய கொச்சிக்காயை எல்லாம் ஒரே நாளில் போட்டிருந்தார் போலும். கண் கலங்கி மூக்கால் ஓடியது.

"மச்சான், அழுறீங்களா?" என்றாள் மனைவி.

"உறைப்பு" என்றேன். பாதி உண்மை.

கடல் நேரத்துக்கு முடிந்தது. கொழும்புக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. இப்போது அந்தச் சுவரில் வேறொரு வேலை பாதியில் நிற்கிறது. அலுமாரிக்குள் இடம் இல்லாததால் பொன் விளிம்புக் கோப்பைகளில் நாங்கள் தினமும் தேத்தண்ணி குடிக்கிறோம். சில உடைந்தும் போயின. முதலாவது என் கையால்தான். மாமி துண்டுகளைப் பொறுக்கிவிட்டு வேறு கோப்பையில் ஊற்றித் தந்தார். வருகிறவர்கள் சுவருக்குக் கிட்டப் போனால், "அதுல நிண்டா ஒண்டும் தெரியா, கதவடிக்குப் போங்க" என்று அவரே பின்னால் அனுப்புகிறார்.

எனக்குக் கிடைத்தது ஒரு சுவர் மட்டும்தான் என்று சில நேரம் நினைப்பேன். உடனே அது பிழை என்று தெரியும். குசினித் திரையை மாமி இப்போது ஓரமாகக் கட்டி வைத்திருக்கிறார். என்னோடு நேரேதான் கதைக்கிறார், அதிலும் பெரும்பாலும் ஒரே விசயம்தான்.

"மருமகன், ஹோலுக்குள்ள பின்னயும் ஊசி கிடக்கு. ஆர்ட காலுலயாவது ஏறினப் பிறகா பொறுக்கப் போறீங்க?"

அல்ஹம்துலில்லாஹ். எழுந்து போய்ப் பொறுக்குகிறேன்.