புகைநிறச் செவ்வரத்தை

கீரிக் கிராமத்தில், எங்கள் வீட்டு வளவில் நான் செவ்வரத்தைகளைக் கலந்து புது நிறங்கள் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், மாலையில் வந்து பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தவர் என் மச்சாள், கணவரின் அக்கா. அவருடைய ஒரே மகள் ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு வீட்டில் இருக்க முடியாமல்தான் வந்தார். நான் அதை உதவி என்றே எடுத்துக்கொண்டேன்.

இது இரக்கம் பார்த்தால் நடக்காத வேலை. காலையில் விரிந்த பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் நடுத்தண்டு நுனியில் தடவி, நூல் கட்டி, காய் முற்றி, விதை முளைத்து, முதல் பூவைப் பார்க்க ஒரு வருடத்துக்கு மேல் போகும். அறுபது கன்றில் ஒன்று தேறினால் பெரிது. மற்றவற்றைப் பிடுங்கி ஆட்டுக்குப் போடுவேன்.

"நல்லாத்தானே பூத்திருக்கு, விடன்," என்பார் மச்சாள். நான் கேட்டதில்லை.

அந்த முறை ஒன்று தேறியது. புகையின் நிறம், நடுவில் காய்ந்த இரத்தம் போல ஒரு சிவப்பு. விவசாயக் கந்தோருக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"புது இனமெண்டு உங்கட பேரிலை பதியிறவரைக்கும், வெட்டி நடுகிற ஒரு தடிகூட வெளியாலை போகப்படாது. போனால் அது ஊர்ச்செடி, உங்கட இல்லை," என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர்.

அந்தக் கிழமையே மச்சாள் கேட்டார். "பிள்ளையின்ரை கல்லறையடியிலை வைக்க ஒரு தடி தா."

"பதிவு முடியட்டும் மச்சாள்."

அவர் மறுபடி கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஞாயிறு பூசை முடிந்து சேமக்காலைக்குள் போனபோது கண்டேன். அந்தப் பிள்ளையின் சிலுவையடியில் ஒரு தடி மூன்று இலை விட்டு நின்றது. இலையைப் பார்த்ததும் என்னுடையதென்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் மச்சாள் முழந்தாளில் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"களவெடுத்தனீங்களோ?"

"ஓம். பிள்ளைக்குத்தானே. இஞ்சை ஆர் வந்து பிடுங்கப் போகினம்?"

நான் பிடுங்கினேன். வேர் வெள்ளையாக வந்தது. அவர் கண்முன்னே நாலாக முறித்துக் கைப்பைக்குள் போட்டேன். ஒரு துண்டு விழுந்து கிடந்தாலும் துளிர்த்துவிடும் என்ற பயம். "பூ வேணுமெண்டால் கடையிலை வாங்கி வையுங்கோ," என்றும் சொன்னேன். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. மச்சாள் அழவில்லை. குழி விழுந்த இடத்தை உள்ளங்கையால் மூடித் தட்டிவிட்டு, செபத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அதன் பிறகு எங்கள் வளவுக்கு வரவில்லை.

பதிவு கிடைத்தது. கொழும்பிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள். என் கணவர் மட்டும் அந்தப் பூவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசியில் ஒருநாள், "அக்காவுக்கு ஒண்டு கொண்டுபோய்க் குடு," என்றார்.

மொட்டு வைத்த நல்ல கன்றாகப் பார்த்து எடுத்துப் போனேன். மச்சாள் கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார். நான் எழும்பியபோது, "வாசல் படலையடியிலை வைச்சிட்டுப் போ," என்றார்.

அவர் அதைத் தொடவேயில்லை. நான் கோயிலுக்குப் போகிற வழி அதுதான். முதலில் மொட்டுகள் கொட்டின, பிறகு இலைகள் சுருண்டன. ஒரு காலையில் அவர் படலையடி வாழைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். கன்று கையெட்டும் தூரத்தில் வாடிக் கிடந்தது. என்னைக் கண்டதும், வாளியில் மிச்சமிருந்ததை நிதானமாகத் தெருவில் ஊற்றினார். என் செருப்பு நனைந்தது.

"பூசைக்கு நேரமாகுது மச்சாள்," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.