நானே காட்டிக் கொடுத்த சிமெண்டுச் சரிவு

இன்று காலை கவுன்சில் சட்டை போட்ட ஒருவர் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்தார். கொசுப்புழு பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கைலியோடு ஓடிப்போய்ப் பூச்சாடிகளைக் கவிழ்த்துக் காட்டினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கும் மகளுக்காக, வாசற்படியோரம் நான் போட்ட சிமெண்டுச் சரிவையும் காட்டினேன்.

“நானே போட்டது தம்பி. பாப்பா இப்ப யாரையும் கூப்பிடாம வேலைக்குப் போவுது.”

அவர் படம் எடுத்தார். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

“அண்ணே, பக்கத்து வீட்டுக் கூரையப் பாக்கத்தான் வந்தேன். அங்க கேட் பூட்டியிருக்கு. ஆனா உங்க சரிவு கால்வாய்க்கு மேல வந்துருச்சு, கவுன்சில் ஒப்புதல் கொடுத்த வீட்டுப் பெலான்லயும் அது இல்ல. ரெண்டு வாரத்துல உடைச்சிருங்க லா.”

“அப்ப பாப்பா எப்படிப்பா வெளிய போவும்?”

“மனு போடுங்க அண்ணே. மொதல்ல உடைச்சிட்டு.”

பக்கத்து வீட்டுக் கூரை ரோடு வரை நீண்டிருக்கிறது. நோட்டீஸ் எனக்கு மட்டும். பெலான் வரையத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். நேரத்துக்குக் கேட்டைப் பூட்டத் தெரிந்தவர்களும் சொல்லலாம்.

போகும்போது அவர் படியில் கால் வைக்கவில்லை. சரிவு வழியாகத்தான் இறங்கினார்.

நான் சொல்லாமல் விழுங்கியது இதுதான்: “தம்பி, படியில இறங்குங்க. அதுதான் பெலான்ல இருக்கு.”