சூட்டுக்கு மட்டும் பீரு

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

நான் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறேன். அதே பட்டறையில் என் தம்பிக்குச் சூளை வேலை. அப்பாவைக் குடிக்குப் பறிகொடுத்த குடும்பம் எங்களுடையது. அதனால் தம்பி வேலைக்குச் சேரும் முன்பே முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போய், குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்டிவிட்டோம். அவன் சொன்ன சொல் தவறாத பிள்ளை. வேலை முடிந்து வந்தால் பீர் மட்டும் குடிப்பான், அதுவும் உடம்புச் சூட்டுக்கு. பட்டறையில் பலருக்கும் அதுதான் வழக்கம். அம்மாவே வாங்கிவரச் சொல்லி ஃப்ரிட்ஜில் வைப்பாள்.

அந்தக் கோடையில் அவனுக்கு அடிக்கடி தலை சுற்றியது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒருநாள் சூளை வாயருகே தடுமாறியவனை, பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? எல்லாம் சூடுதான் என்று ஒரு பாட்டில் பீரை இரண்டு பாட்டிலாக்கினோம்!

அன்று இளைஞர் உடல்நல ஆய்வு என்று ஒரு பெண் வந்தாள். தம்பி வயசுதான் இருக்கும். சூளை வேலையையும் தலைசுற்றலையும் கேட்டு எழுதிக்கொண்டு, மதுப் பழக்கம் உண்டா என்று அவனைக் கேட்டதும் கயிற்றைக் காட்டினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க வூட்ல அந்தப் பேச்சே கெடையாதுங்க. சூட்டுக்குப் பீரு மட்டுந்தான்" என்றேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பீரும் மதுதான் அக்கா என்றாள். வேர்த்துக் களைத்த உடம்பில் மிச்சமிருக்கிற நீரையும் அது இறக்கிவிடும், சூளை வேலைக்குத் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும்தான் வேண்டும், தலைசுற்றலுக்கு டாக்டரைப் பாருங்கள் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

தம்பி கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் சத்தியத்த மீறிட்டனாக்கா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள்தானே ஊற்றிக் கொடுத்தோம்.

இப்போது அவன் மோர் பாட்டிலோடு வேலைக்குப் போகிறான். மோரு மாப்ளை என்று கூட்டாளிகள் கேலி செய்கிறார்களாம், செய்யட்டும். அப்பாவைக் கொண்டுபோன சனியனை வாசலோடு நிறுத்திவிட்டதாக நம்பிக்கொண்டு, வேறு பேர் சொல்லி நாங்களே அதைக் குளிர வைத்திருந்தோமே என்று, ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் சுருக்கென்கிறது.