ஆள் வேணுமா?

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அவள் முதலில் பார்ப்பது சரக்கை அல்ல, ஆட்களை. ரொட்டிக் கடையில் வரிசை வாசல்வரை நீண்டிருந்தால் போதும், வாங்க வந்ததை மறந்துவிடுவாள். "தம்பி, ஒத்த ஆளா நின்னு ஏன் திண்டாடுற? நல்ல பொண்ணு ஒருத்தி இருக்கா, நாளைக்கே கூட்டிட்டு வரட்டுமா?"

தொழிற்சாலையில் அவளுக்கு 'மைக் அக்கா' என்று பெயர். காலணி தைக்கும் கூடத்தின் இரைச்சலை மீறிப் பேசிப் பேசியே அகன்ற தொண்டை. இன்றும் பேருந்தில் அவள் குசுகுசுவென்று சொல்லும் ரகசியம் ஓட்டுநருக்குக் கேட்கும்.

கூலி குறைந்த நாடு ஒன்றுக்கு முதலாளி தொழிற்சாலையை மாற்றினார். இயந்திரங்கள் கப்பலேறின, தைத்தவர்கள் தெருவில் நின்றார்கள். எல்லாரோடும் சேர்ந்து அழுதுவிட்டு, மறுநாளே வேலை கேட்கக் கிளம்பிவிட்டாள், மற்றவர்களுக்காக. முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாலும் அடுத்த வாரம் அதே கதவைத் தட்டுவாள். பாதிப் பேர் அவள் புண்ணியத்தில் எங்கெங்கோ ஒட்டிக்கொண்டார்கள்.

"ஊருக்கெல்லாம் வேலை தேடுறியே, உனக்கு?" என்பார் கணவர்.

"எனக்கென்ன அவசரம்? உக்கார வச்சு சோறு போட நீங்கதான் இருக்கீங்களே!"

ஒற்றைச் சம்பளத்தில் வீடு இழுபறியாக ஓடுவது இருவருக்கும் தெரியும்.

தொழிற்சாலை போன அந்த நாட்டுப் பெண்களை யாராவது கரித்துக்கொட்டினால் மட்டும் சுர்ரென்று கோபம் வரும். "அவளும் வயித்துக்குத்தானே தைக்கிறா? அவ மேல ஏன்டி பாயுற? அவள விடக் கம்மிக்கு இன்னொருத்தி கிடைச்சா, அவளும் நம்மள மாதிரித்தான் நிப்பா."

சென்ற வாரம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், கிழிந்த விரிப்புகளைத் தைக்க ஒரே ஓர் இடம் காலி. முன்பு பக்கத்து இயந்திரத்தில் தைத்த தோழியைக் கூட்டிப்போனாள். தோழி பயந்த சுபாவம். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள்.

மேற்பார்வையாளர் இவள் பக்கம் திரும்பினார். "அவங்க சரிப்பட மாட்டாங்கம்மா. நீங்க வர்றதுன்னா இன்னைக்கே சேந்துக்கலாம்."

மைக் அக்காவின் பார்வை காலியாகக் கிடந்த தையல் இயந்திரத்தின் மேல் போனது. அந்த வேலை அவளுக்கும் வேண்டியிருந்தது. தோழி கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"எங்கடி போற? வந்து உக்காரு" என்று இழுத்து இயந்திரத்தின் முன் உட்கார வைத்தாள். "வாயா சார் தைக்கப் போகுது? அவ கையப் பாருங்க."

இயந்திரம் ஓடத் தொடங்கியதும், தோழியின் விரல்கள் கிழிந்த விரிப்பைத் தடுமாறாமல் நகர்த்தின. தைத்த இடத்தைத் தடவிப் பார்த்த மேற்பார்வையாளர், "சரி, நாளையிலிருந்து வரச் சொல்லுங்க" என்றார்.

தோழி தலை நிமிராமல் அடுத்த கிழிசலுக்குப் போனாள். கனத்த, நீளமான விரிப்பு அது. தையல் இழுபடாமலிருக்க, மைக் அக்கா அதன் மறுமுனையை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.