எலியை முக்கிய தண்ணீர்

மைதாப் பசை இரண்டாம் நாள் புளிக்கத் தொடங்கும்போது ஒரு வாசனை வரும். இட்லி மாவுக்கும் நனைந்த காகிதத்துக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிற வாசனை. சிவகாசியில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் எந்த வாசலில் போய் நின்றாலும் அதுதான் முதலில் வந்து வரவேற்கும். பட்டாசுக் கம்பெனிகளுக்கு வெறுங்குழாய் உருட்டிக் கொடுக்கும் வேலையை அங்கே பெண்கள் வீட்டில் இருந்தபடியே செய்தார்கள். காகிதப் பட்டையைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, உருவி வெயிலில் காயப்போட்டால் குழாய். அதற்குள் மருந்து அடைப்பதெல்லாம் ஊருக்கு வெளியே, கம்பெனியில். எனக்கு அப்போது பதினோரு வயது. அந்தப் பசை வாசனை வந்தாலே பசிக்கும். எலிகளுக்கும் அப்படியே பசித்ததால், அவற்றின் மனசு எனக்குப் புரியும் என்று நான் நம்பத் தொடங்கினேன்.

எலியும் பூச்சியும் வாய் வைக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். நீலநிறக் கல், விஷம். கொஞ்சம் பொடித்துப் போட்டால் போதும், எலி மோந்து பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அந்த அடுத்த வீடு எப்போதும் பாண்டியம்மா அத்தை வீடாகத்தான் இருந்தது, ஏனென்றால் அத்தை மட்டும் 'துத்தம்' போடுவதில்லை. விஸ்வநத்தத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். எங்களுக்குச் சொந்தமில்லை, இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் என்பதால் அத்தை. நாள் முழுக்கக் காகித விளிம்பு அறுத்து அறுத்து அவர் விரல்களில் கோடு கோடாக வெட்டுகள் இருக்கும். துத்தம் பட்டால் அவை எரியும். "கை காந்துது மதினி, எலி தின்னா தின்னுட்டுப் போகுது" என்று என் அம்மாவிடம் சொல்வார்.

எலி தின்னத்தான் செய்தது. ஈரக் குழாய்களைக் கடித்துக் குதறி வைத்தது. அதனால் அத்தைக்கு நான் தேவைப்பட்டேன். எங்கள் வீட்டில் ஒரு இரும்புக் கம்பிக் கூண்டு இருந்தது. அதை வைத்து எலி பிடிப்பதில் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு பெயர், அந்தப் பெயரைப் பரப்பியவனும் நான்தான். கூண்டுக் கொக்கியில் மாட்ட அத்தை ஒரு பருப்பு வடை கொடுப்பார். முக்கால் வடையை நான் தின்றுவிட்டு, மீதியை எலிக்கு வைப்பேன். மறுநாள் காலையில் நான் வாசலில் தலைகாட்டினால், "கூண்டுக்காரரு வந்துட்டாக, வழி விடுங்க" என்று அத்தை அறிவிப்பார். என் வகுப்பில் படித்த அவர் மகள் செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அது மரியாதைச் சிரிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிடித்த எலியைக் கூண்டோடு தண்ணீரில் முக்கிக் கொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் ஒரு வாளி போதும். எங்கள் ஊரில் நகராட்சித் தண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறை வந்தால் அது நல்ல மாதம். நான் ஒருமுறை வாளியைத் தொட்டதற்கு அம்மா, "எலிக்கு ஒரு வாளி, எனக்கு ஒரு சொம்பா? ஓடையில போயி முக்குலே" என்று விரட்டிவிட்டார். தீப்பெட்டிக் குடோனுக்குப் பின்னால் இருந்த அந்தச் சாக்கடை ஓடைக்கு, கூண்டைக் கையில் தூக்கிக்கொண்டு, பின்னாலேயே வரும் நாய்களைச் சமாளித்தபடி நடக்க வேண்டும். முதல் சில தடவை வீரனாக நடந்தேன். அப்புறம் கால் வலித்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி நெருங்குகிற 'சீசன்'. எதிர் வீட்டுத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஆரம்பித்துவிட்டது. கூண்டில் ஒரு பெரிய எலி. அத்தை குழாய் மூட்டையோடு கம்பெனி வண்டி நிற்கும் முனைக்குப் போயிருந்தார். செல்வியும் கூடப் போயிருந்தாள். அத்தை வீட்டு வாசலில் அவர் கை அலசும் தொட்டி இருந்தது. பழைய பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்த தொட்டி. பசை காய்ந்து விரல்கள் ஒட்டிக்கொள்ளும்போதெல்லாம் அத்தை அதில் கையை விட்டு அலசிவிட்டு அடுத்த குழாயை எடுப்பார். ஒருமுறை நிரப்பினால் அடுத்த தண்ணீர் வரும் நாள்வரை அதுதான். ஏற்கெனவே கஞ்சி மாதிரி வெளுத்துக் கிடந்த தண்ணீர். குடிக்கிற தண்ணீரா, குளிக்கிற தண்ணீரா, கை அலசுகிற தண்ணீர்தானே என்று நான் யோசித்தேன். யோசித்தேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. கூண்டை அந்தத் தொட்டியில் முக்கினேன். குமிழி நிற்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். எலியைச் சுவருக்கு அந்தப்புறம் வேலிக்கருவையில் எறிந்தேன். ஒரு பொட்டுத் தண்ணீர் வீணாக்காமல் வேலையை முடித்த பெருமையோடு கிரிக்கெட் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்த அத்தை, "என்னலே, ஓடைக்குப் போயிட்டு வந்துட்டியா?" என்று கேட்டார்.

"போயிட்டு வந்துட்டேன் அத்தை. நாயி தொரத்துச்சு."

நாயைச் சேர்த்தது பொய்க்கு உடம்பு போடத்தான். அத்தை தொட்டியில் கையை அலசி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, காராச்சேவை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். தின்றேன்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் ஆகும் முன்பே அத்தைக்குக் காய்ச்சல். சீசன் அலுப்பு என்றார்கள். கண் இரண்டும் சிவந்தன. குழாய் உருட்ட விடிய எழுந்ததால் என்றார்கள். "கெண்டக்காலு ரெண்டையும் உலக்கையில போட்டு இடிச்ச மாதிரி இருக்கு மதினி" என்று அத்தை சொன்னபோது, சம்மணம் போட்டே உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று அம்மாவே சொன்னார். பிறகு கண் மஞ்சளாயிற்று. இப்போது எல்லோருக்கும் நோய் தெரிந்துவிட்டது, மஞ்சள்காமாலை. மோரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். உப்பை நிறுத்தினார்கள். ஆமத்தூர்ப் பக்கம் ஒருவர் மந்திரிப்பார் என்று கூட்டிப்போய் வந்தார்கள். அத்தையால் எழுந்து உட்கார முடியாமல் போன பிறகுதான் விருதுநகருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மழைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. அம்மா தூக்குவாளியில் கஞ்சியோடு என்னையும் செல்வியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நாங்கள் போய் நின்ற நேரம் ஒரு டாக்டரம்மா அத்தையின் கட்டிலருகே இருந்தார். சின்ன வயசு. அத்தையின் கணவர் சுப்பையா மாமாவிடம், "வீட்ல எலி இருக்கா?" என்று கேட்டார்.

எலி கடித்த குழாய் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் கம்பெனியில் உருட்டுவதற்குக் காகித 'லோடு' கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். சீசனில் அது நின்றால் வருஷமே நின்ற மாதிரி. அந்தப் பயம் மாமாவின் வாயில் உட்கார்ந்திருந்தது. "எலியா? எங்க தெருவுலயே எலி கெடையாதும்மா" என்றவர், அது போதாது என்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "இந்தப் பய ஒண்ணு விடாமப் புடிச்சிருவான்" என்றார்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "பிடிச்சு என்ன செய்வே?"

"ஓடையில முக்கிருவேன்."

"வீட்டுத் தண்ணியில முக்க மாட்டியே?"

அத்தையின் உயிர் அந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தொட்டி கண்முன்னால் வந்தது. கூண்டைச் சுற்றி எழும்பிய குமிழிகள் வந்தன. சொன்னால் அம்மா அந்த இடத்திலேயே என் தோலை உரிப்பார். செல்வி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அதனால் எனக்கு எது கைவந்த கலையோ அதைச் செய்தேன். "வீட்டுத் தண்ணியில எலிய முக்குறதுக்கு எங்க ஊர்ல தண்ணி எங்கன இருக்கு டாக்டர்? எங்களையே முக்கிக் குளிக்க வழியில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். கட்டிலில் மஞ்சளாய்க் கிடந்த அத்தைகூட உதடு பிரிந்து சிரித்தார். "வாயி, வாயி" என்று முனகினார். என் வாழ்க்கையில் நான் சொன்ன நகைச்சுவைகளில் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் மிகச் சரியாகப் போய் விழுந்தது அதுதான். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த தாளைத் திருப்பினார். மஞ்சள்காமாலைக்கான வைத்தியமே தொடர்ந்தது.

மூன்றாம் நாள் அத்தைக்குச் சிறுநீர் நின்றுபோனது. அன்றைக்குச் சுற்றிப் பார்க்க வந்த வயதான டாக்டர் யாரிடமும் எலியைப் பற்றிக் கேட்கவில்லை; கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார், அத்தை அலறினார், கண்ணைப் பார்த்தார், விரல் வெட்டுகளைப் பார்த்தார், "எலிக்காய்ச்சல், ஊசியை ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மதுரைக்குக் கொண்டுபோய் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. தீபாவளி போய்ப் பல நாள் கழித்து, பாதி உடம்பாக அத்தை திரும்பி வந்தார்.

எலிக்காய்ச்சல் என்ற பேரைக் கேட்டுத் தெரு முதலில் சிரித்தது. எலிக்குக் காய்ச்சல் வந்தால் அதுவல்லவா படுக்க வேண்டும் என்றார்கள். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: எலி பெரும்பாலும் படுப்பதில்லை. கிருமி அதன் சிறுநீரகத்தில் சௌகரியமாகக் குடியிருக்கும். அது பெய்யும் மூத்திரத்தில் வெளியேறித் தேங்கிய தண்ணீரில் நாள்கணக்கில், வாரக்கணக்கில்கூட உயிரோடு காத்திருக்கும். வெட்டுப்பட்ட தோல் கிடைத்தால் உள்ளே போகும். உயிர்பயத்தில் தண்ணீருக்குள் துடிக்கிற எலி என்ன செய்யும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. நாள் முழுக்க வெட்டு விரல்களை விட்டு அலசுகிற தொட்டியை அந்தக் கிருமிக்குத் தேடிக்கொடுத்தவன் நான். மழைத் தண்ணீரில் நடந்தபோது வந்திருக்கலாம், வேறு எலி கூரையிலிருந்து மூத்திரம் பெய்திருக்கலாம் என்று எனக்கு நானே வக்கீலாகி ரொம்ப வருஷம் வாதாடியிருக்கிறேன். எப்படி வந்ததென்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் கட்டிலருகே கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலில் அந்தச் சந்தேகம் கிடையாது.

இதைவிடக் கேவலம் அதற்கப்புறம் நடந்தது. எலி ஏன் வந்தது என்று தெரு விசாரித்து, துத்தம் போடாததால் வந்தது என்று தீர்ப்புச் சொன்னது. மாமா கத்தினார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அத்தையே சொன்னார்: "எம்மேலதான் தப்பு. கை எரியுதுன்னு சொகுசு பாத்தேன். சீசன் பூராம் எல்லாரையும் அலைய வச்சுட்டேன்." அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, அம்புட்டுச் சொல்லியும் கேட்டீகளா?" என்று கடிந்துகொண்டார். நான் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. உடம்பு தேறியதும் அத்தை துத்தம் போட்டுப் பசை காய்ச்சத் தொடங்கினார். கையை முதலில் பசையில் விடும்போது கண்களை இறுக மூடிக்கொள்வார். எரிச்சல் அடங்கியதும் திறந்து வேலையைத் தொடங்குவார். ஒரே சுவர் என்பதால் தினமும் பார்த்தேன். அந்த வருஷம் முழுக்க நான் அவரை விடாமல் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் நான் செய்த பரிகாரம்.

இப்போது அந்த லைன் வீடுகள் இல்லை. இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். எங்கள் பக்கம் குழாய்களை இயந்திரம் சுற்றுகிறது. கம்பிக் கூண்டைக் கடையில் கேட்டால், ஒட்டுகிற அட்டையை எடுத்துக் கொடுக்கிறார்கள். எலி மட்டும் குறையவில்லை. ஒவ்வொரு மழைக்கும் எங்காவது ஒரு நகரத்தில் எலிக்காய்ச்சல் என்று செய்தி வருகிறது, நான் தாளை மடித்து வைத்துவிடுகிறேன். நான் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். மற்றவர்கள் செய்த பிழையைக் கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல பெயர்.

அத்தை இருக்கிறார், மல்லாங்கிணற்றில், செல்வியின் வீட்டில். தண்ணீரையும் உப்பையும் இன்னும் அளந்துதான் கொடுக்கிறார்கள். போன மாதம் போயிருந்தேன். செல்வியின் மகள் ஏதோ ஒரு வேலைக்குச் சுணங்கியபோது, "சொகுசு பாக்காத தாயீ, நான் சொகுசு பாத்துத்தான் சாகக் கெடந்தேன்" என்று அத்தை ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்தேன். "என்னலே, என்னமோ சொல்ல வந்த?" என்றார். "டீயில சீனி தூக்கலா இருக்கு அத்தை" என்றேன். சிரித்தார்.

அத்தைக்கு எழுத்து தெரியாது. நான் எழுதி எங்காவது வந்தால் செல்விதான் உரக்க வாசித்துக் காட்டுவாள். "நம்ம பய எழுதுனது" என்று அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அத்தை கேட்பார். எதிரில் உட்கார்ந்து சொல்ல வக்கில்லாததால் இந்த வழியில் வருகிறேன். செல்வி, தொட்டி வந்த இடத்தில் உனக்கு வாசிப்பு நின்றிருக்கும். நிறுத்தாதே. விட்ட இடத்திலிருந்து, சத்தமாகவே வாசி.