அம்மா மேடைக்குத் தராத கடிதம்

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உங்களில் பலருக்கு அவர்களைப் பெண்கள் பள்ளியின் தையல் டீச்சராகத்தான் தெரியும். அதற்கு முந்திய அம்மாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

லால்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினேழு வயதில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார்கள். அப்பா கட்சிக்காரர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். வந்தால் நாலைந்து பேரோடு வருவார். அத்தனை பேருக்கும் அம்மா முகம் சுளிக்காமல் உலை வைப்பார்கள்.

ஒரு தேர்தல் சமயம். வையம்பட்டியில் பேசிவிட்டுத் திரும்பும்போது மணப்பாறை அருகே அப்பா வந்த ஜீப் கவிழ்ந்தது. ஓட்டிய பிச்சை அண்ணனுக்குக் கை முறிந்தது. அப்பா திருச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார்.

பிச்சை அண்ணன் குடித்துவிட்டு ஓட்டினார் என்று பேச்சு கிளம்பியது. எதிர்க்கட்சியிடம் பணம் வாங்கிவிட்டார் என்றும் சொன்னார்கள். பாலக்கரையில் அவர் குடியிருந்த வீட்டின் ஓடுகளை யாரோ கல்லெறிந்து உடைத்தார்கள்.

காரியம் முடிந்த வாரம் கட்சித் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா அவரோடு ஒரே சிறையில் இருந்தவர். தட்டச்சு அல்ல, இரண்டு பக்கமும் அவர் கைப்பட எழுதியது. உடன்பிறந்தவனை இழந்ததுபோல் இருக்கிறது என்றும், என்ன தேவையானாலும் நேரே எழுதலாம் என்றும் அதில் இருந்தது. நடுவே, பொறுப்பில்லாத ஓர் ஓட்டுநரால் இந்த உயிர் போயிற்று என்றும் எழுதியிருந்தார்.

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, கட்சியில் பொறுப்பில் இருந்தவர். கடிதத்தை உரக்கப் படித்து அழுதார்.

"அடுத்த மாசம் நினைவுக் கூட்டத்துல இதப் படிச்சா ஒருத்தன் கண்ணும் காயாது தங்கச்சி. கொடு."

"கொடுக்க மாட்டேண்ணே."

"ஏன்?"

"பிச்சை மேல தப்பில்ல. எருமையோட ஒரு பொம்பள குறுக்க வந்துருச்சு. அவன் திருப்பலைன்னா அவ போயிருப்பா. ஆஸ்பத்திரியில அவங்களே எங்கிட்ட சொன்னாங்க. 'அவன யாரும் ஒண்ணும் சொல்லாமப் பாத்துக்க'ன்னாங்க."

"நீ சொன்னா யாரு நம்புவா? தலைவரே எழுதிட்டாரு."

"அதாண்ணே பயமா இருக்கு. ஊரு பேசுறது ரெண்டு மாசத்துல ஓஞ்சுரும். அவரு எழுதினத மேடையில படிச்சுட்டா, பிச்சை எங்க போயி நிப்பான்?"

"நாளைக்குப் புள்ளைங்க படிக்கணும், உனக்கு ஒரு வேலை வேணும். அப்ப நீ யாருகிட்டப் போயி நிப்ப?"

அம்மா கடிதத்தை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். மாமா கோபித்துக்கொண்டு போனார். கட்சிக்காரர்கள் வருவதும் நின்றது.

மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்து, அம்மா தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் சொன்னதை அப்படியே எழுதினார்கள். தங்களுக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் வாசல் தாண்டக்கூடாது என்று உறவினர் தடுத்தும், தபால் ஆபீசுக்குத் தாங்களே நடந்து போய்ப் போட்டார்கள்.

பல நாள் பதில் இல்லை. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு வந்தது, அதுவும் அவர் கையெழுத்துதான், ஏழெட்டு வரி. கேள்விப்பட்டதை உண்மையென்று எழுதியது தம் தவறு என்றும், முதல் கடிதத்தை வைத்திருக்க வேண்டாம் என்றும், சம்மதமானால், இத்துடன் திருப்பி அனுப்பியுள்ள அம்மாவின் கடிதத்தையே கூட்டத்தில் படிக்கலாம் என்றும் எழுதியிருந்தார்.

அன்றைக்கே அம்மா முதல் கடிதத்தை அடுப்பிலிட்டார்கள். கேள்விப்பட்டு ஓடிவந்த மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"தலைவர் கையெழுத்தைப் போயி எரிச்சுட்டியே!"

"அவரே வேணாம்னுட்டாரு. அப்புறம் அது யாருக்குண்ணே?"

அக்கடிதத்தை இம்மலரில் சேர்க்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

கூட்டத்தில் அம்மாவின் கடிதத்தைப் படித்தவர் மாமாதான். 'அவன யாரும் ஒண்ணும் சொல்லாமப் பாத்துக்க' என்ற வரியை அவர் இரண்டு முறை படித்தார். பெண்கள் வரிசையில் இருந்த அம்மா தலை குனிந்திருந்தார்கள். பின்னர் விபத்து வழக்கிலும் அம்மா சாட்சி சொன்னார்கள். பிச்சை அண்ணன் விடுதலையானார்.

அதன்பின் அம்மா தையல் பயிற்சி முடித்து வேலைக்குப் போனார்கள். தினமும் பஸ்ஸில் காவிரியைத் தாண்டிப் போய் வந்து, என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார்கள். யாரிடமும் சிபாரிசுக்குப் போனதில்லை. கடைசி மூன்று மாதம் படுக்கையில் இருந்தபோதும், பார்க்க வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப விட்டதில்லை.

அந்த மாதங்களில் வீடு தேடி வந்து வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், முறை வைத்து உடனிருந்த பள்ளி ஆசிரியைகளுக்கும், மகள்போல் பணிவிடை செய்த தம்பி மனைவிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொரு நன்றி என்னுடையது மட்டும். அப்பாவின் காரியத்தன்று பிச்சை அண்ணன் கட்டுப் போட்ட கையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். எனக்குப் பதின்மூன்று வயது. "எங்கப்பாவக் கொன்னுட்டு இங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். அவர் அப்படியே திரும்பிப் போனார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை வீட்டுக்கு வந்திருக்கிறார், அம்மாவோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். நான் சொன்னதை மட்டும் கடைசிவரை அம்மாவிடம் சொல்லவில்லை. அதற்காகப் பிச்சை அண்ணனுக்கு என் நன்றி.